விங்ஸ் அடிக்கும்போது கைதான் வலிக்கிறதா? கவனத்தைத் தசைக்குக் கொண்டுபோக ஒரு முழுமையான வழிகாட்டி

தலைக்கு மேலே தொங்கும் ராடை மார்புக்கு இழுத்து இறக்கும் லாட் புல்டவுன் மெஷினில் இரண்டு வருஷம் இழுத்திருக்கிறேன். நம் ஊர் ஜிம்களில் அதற்கு 'விங்ஸ்' என்று பெயர். 40 கிலோவில் ஆரம்பித்து 65 கிலோ வரை போயாயிற்று. ஒவ்வொரு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று) முடிந்ததும் முன்கை இறுகிப்போகும், மேற்கையின் முன்தசையான பைசெப்ஸ் எரியும், கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருக வராது. முதுகில் மட்டும் ஒன்றுமே தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் முதுகு அப்படியேதான் இருந்தது.

ஒரு நாள் சாயந்திரம் மாஸ்டர் என் பின்னால் வந்து நின்றார். ஒன்றும் சொல்லாமல், எடையை மாற்றும் பின்னை உருவி 65-லிருந்து 30-க்கு மாற்றினார். என் வலது அக்குளுக்கு நான்கு விரற்கடை கீழே, விலாவை ஒட்டி, இரண்டு விரலை வைத்து அழுத்தினார். "தம்பி, ராடை மறந்துடு. என் விரல் இருக்குல்ல, அந்த இடத்தை முழங்கையால நசுக்கப் பாரு" என்றார். முதல் மூன்று தடவை ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது தடவை அவர் விரலுக்கு அடியில் ஏதோ தடித்து எழும்பியது எனக்கே தெரிந்தது. பத்து முடிப்பதற்குள் அந்த இடம் சூடேறிவிட்டது. அப்படி ஒரு தசை என் உடம்பில் இருப்பதையே அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

இன்றைக்கு அதே வேலையை நான் மற்றவர்களுக்குச் செய்கிறேன். புதிதாக வருகிறவர்களிடமும், பல வருஷமாக எடை தூக்கியும் ஒரு தசை மட்டும் வளரவில்லை என்கிறவர்களிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: எந்தத் தசைக்காக அந்தப் பயிற்சியைச் செய்கிறாரோ, அந்தத் தசை அவருக்குத் தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அதைக் கற்றுக்கொள்ளலாம். சைக்கிள் ஓட்டுவது போல இதுவும் பழகிக்கொள்ளும் ஒரு திறமை. ஆனால் எங்கே இதைப் பயன்படுத்த வேண்டும், எங்கே கூடாது என்பதையும் சேர்த்தே கற்க வேண்டும். அதைச் சொல்லாமல் "தசையை நினை, தசையை நினை" என்று மட்டும் சொல்வது அரைகுறைப் பாடம்.

உள்ளே என்ன நடக்கிறது

தசை தானாக எதையும் செய்யாது. மூளையிலிருந்து புறப்படும் கட்டளை தண்டுவடத்தில் இறங்கி, அங்கே இருக்கும் நரம்பணு வழியாகத் தசைக்குப் போகிறது. ஒரு நரம்பணுவையும் அது ஆளும் தசை நார்களையும் சேர்த்து ஓர் இயக்க அலகு என்பார்கள். கண்ணை அசைக்கும் தசைகளில் ஓர் அலகுக்கு ஒரு சில நார்கள்தான். கெண்டைக்காலில் ஓர் அலகுக்கே ஆயிரத்துக்கு மேல் நார்கள் உண்டு. கட்டளை வந்தால் அந்த அலகில் உள்ள எல்லா நார்களும் சேர்ந்து சுருங்கும். பாதி சுருங்குவது என்ற பேச்சே இல்லை. ஆகவே ஒரு தசை அதிக பலம் காட்ட வேண்டுமானால் வழி இரண்டுதான். அதிக அலகுகளை வேலைக்குக் கூப்பிட வேண்டும், அல்லது கூப்பிட்ட அலகுகளுக்குக் கட்டளைகளை இன்னும் வேகவேகமாக அனுப்ப வேண்டும்.

கூப்பிடுவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. சின்ன அலகுகள் முதலில், பெரியவை பிறகு. எல்வுட் ஹென்மன் என்ற உடலியல் அறிஞர் 1957-இல் இதை எழுதினார். 1960-களில் விரிவாக நிறுவினார். எடை கூடினாலோ, லேசான எடையிலேயே தசை களைத்துப்போனாலோ, பெரிய அலகுகளும் வந்து சேர்கின்றன. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு தரும். மாண்ட்ரியலில் மூளை அறுவை சிகிச்சை செய்துவந்த வைல்டர் பென்ஃபீல்ட், நோயாளிகள் விழித்திருக்கும்போதே மூளையின் மேற்பரப்பை லேசான மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் உடம்பின் எந்தப் பகுதியை ஆள்கிறது என்று பார்த்தார். 1937-இல் அந்த விவரங்கள் வெளிவந்தன. கைக்கும் உதட்டுக்கும் நாக்குக்கும் பெரிய பெரிய இடம்; அகலமான முதுகுக்கும் இடுப்புக்கும் சின்ன இடம். போதாததற்கு நம் முதுகை நாம் பார்ப்பதும் இல்லை. கைக்குள் ஒரு ராடைக் கொடுத்தால் எல்லாக் கவனமும் கைக்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். முதுகு தெரியவில்லை என்று வருத்தப்படுகிறவர்களிடம் இந்தப் படத்தைத்தான் வரைந்து காட்டுவேன்.

ஆராய்ச்சிகள் சொல்வது

ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் தலைமுறையைச் சேர்ந்த பாடிபில்டர்கள் ஆய்வுக்கூடத்துக்காகக் காத்திருக்கவில்லை. முழங்கையை மடக்கி எடையைத் தூக்கும் கர்ல் செய்யும்போது பைசெப்ஸை ஒரு மலையாகக் கற்பனை செய்துகொள்வேன் என்று ஆர்னால்ட் பல தடவை சொல்லியிருக்கிறார். இதை அளந்து பார்த்தவர்கள் பிறகு வந்தார்கள்.

2018-இல் பிராட் ஷோன்ஃபெல்டும் சக ஆய்வாளர்களும், எடைப் பயிற்சி பழக்கமில்லாத 30 இளைஞர்களை எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி செய்ய வைத்தார்கள். பைசெப்ஸ் கர்லும், உட்கார்ந்தபடி முட்டியை நீட்டி எடையைத் தூக்கும் லெக் எக்ஸ்டென்ஷனும் மட்டும். ஒரு குழுவிடம் ஒவ்வொரு ரெப்பிலும் (ஒரு தடவை தூக்கி இறக்குவது ஒரு ரெப்) "தசையை இறுக்கு" என்றார்கள். மற்ற குழுவிடம் "எடையை மேலே ஏற்று" என்றார்கள். எட்டு வாரம் கழித்து, தசையை நினைத்தவர்களின் மேற்கை முன்தசை 12.4 சதவீதம் தடித்திருந்தது. எடையை நினைத்தவர்களுக்கு 6.9 சதவீதம். தொடையில் மட்டும் இரு குழுவுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கை பழகிய அளவுக்குத் தொடை கவனத்துக்குப் பழகவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஹோவாகின் கலதாயுத் குழு 18 அனுபவசாலிகளை வைத்து, படுத்தபடி ராடை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸை ஆராய்ந்தது. ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற உச்ச எடையில் 20, 40, 50, 60, 80 சதவீதம் என்று ஏற்றி, மார்பை நினைத்தால் மார்பில் மின்சைகை கூடுகிறதா, மேற்கையின் பின்தசையான டிரைசெப்ஸை நினைத்தால் அதில் கூடுகிறதா என்று தோல்மேல் ஒட்டிய மின்முனைகளால் அளந்தார்கள். 60 சதவீதம் வரை கூடியது. 80 சதவீதத்தில் நினைப்பதால் ஒரு மாற்றமும் இல்லை. ஹென்மன் சொன்னதோடு இது பொருந்துகிறது: எடை பெரிதானால் உடம்பு இருக்கும் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுவிடுகிறது, அங்கே நம் விருப்பத்துக்கு இடம் குறைவு.

நாணயத்தின் மறுபக்கம் காப்ரியேல வுல்ஃபின் ஆராய்ச்சி. 1990-களின் கடைசியிலிருந்து அவரும் மற்றவர்களும் செய்த சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு இது: சமநிலை, குறி, வேகம், பலம் என்று எதைச் சாதிக்க வேண்டுமானாலும், உடம்பைப் பற்றி நினைப்பதைவிட வெளியே உள்ள விளைவைப் பற்றி நினைப்பது நல்லது. டேவிட் மார்ச்சன்ட் குழு 2009-இல் கர்லில் பார்த்தபோது, எடையை நினைத்தவர்கள் குறைந்த தசைச் செயல்பாட்டிலேயே கூடுதல் விசையைக் காட்டினார்கள். அதாவது வெளிக்கவனம் சிக்கனமானது. தசையை வளர்க்க வந்தவருக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம். 100 கிலோ தூக்க வந்தவருக்கு அதுதான் வேண்டும்.

என் முடிவு இதுதான். லேசான, நடுத்தர எடை, ஒரே மூட்டு அசையும் பயிற்சி, வளர மறுக்கும் தசை என்றால் கவனம் தசைக்குள். கனமான ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்குவது), பெஞ்ச் என்றால் கவனம் வெளியே. சரி, இனிப் படிப்படியாகப் போகலாம். முதுகையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கஷ்டம்.

படி 1: ஒரு தசையைத் தேர்ந்தெடுத்து, அதன் இரண்டு முனைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு நேரத்தில் ஒரே தசை. அது எந்த எலும்பில் தொடங்கி எந்த எலும்பில் முடிகிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தசை தன் இரண்டு முனைகளையும் நெருங்க வைக்கும். அதற்கு அது ஒன்றுதான் தெரியும்.

விங்ஸ் தசையை எடுங்கள். முதுகெலும்பின் கீழ்ப்பாதியிலும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலும் விரிந்து தொடங்கி, விசிறி மடங்குவது போலக் குறுகி, அக்குளைக் கடந்து மேற்கை எலும்பின் முன்பக்கம் வந்து ஒட்டுகிறது. கவனியுங்கள், அது முழங்கையைத் தாண்டவே இல்லை. அதற்கு மணிக்கட்டும் தெரியாது, ராடும் தெரியாது. மேற்கையை விலாவை நோக்கிக் கீழே கொண்டுவருவதுதான் அதன் வேலை. முழங்கையைத் தாண்டுவது பைசெப்ஸ். எனவே ராடை மார்புக்குக் கொண்டுவர வேண்டும் என்று நினைத்து முழங்கையை மடக்கி இழுத்தால் பைசெப்ஸ் முந்திக்கொள்கிறது. நான் இரண்டு வருஷம் செய்தது அதைத்தான்.

மார்புத் தசையும் இப்படியே. நெஞ்செலும்பிலும் காறை எலும்பிலும் தொடங்கி மேற்கையில் முடிகிறது. கையை நீட்டுவது அதன் வேலை இல்லை, அது டிரைசெப்ஸின் வேலை. இரண்டு மேற்கைகளையும் நடுவை நோக்கி அணைப்பதுதான் மார்பின் வேலை. பிட்டத்தின் பெரிய தசை இடுப்பின் பின்புறம் தொடங்கித் தொடையெலும்பில் ஒட்டுகிறது. தொடையைப் பின்னுக்குத் தள்ளும்.

படி 2: எடை இல்லாமல் இறுக்கப் பழகுங்கள்

வீட்டிலேயே செய்யலாம். நிமிர்ந்து நின்று வலது முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிவையுங்கள். இடது கை விரல்களை வலது அக்குளுக்குக் கீழே வையுங்கள். இப்போது வலது முழங்கையை விலாவுக்குள் அழுத்திக்கொண்டே தரையை நோக்கி இறக்கப் பாருங்கள். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. விரலுக்கு அடியில் ஒரு கட்டை உருவாகும். பத்து வினாடி பிடித்து விடுங்கள். இப்படி ஐந்து தடவை.

அது வந்துவிட்டால் அடுத்த பாடம் அளவு. முதலில் கால்வாசி இறுக்கம், பிறகு அரை, பிறகு முழுசாக, மறுபடி கால்வாசி. ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது போல. முழு இறுக்கம் மட்டும் தெரிந்தவருக்கு எடை கையில் வந்ததும் அது நழுவிப்போகும். அளவு தெரிந்தவருக்கு நழுவாது.

விரலால் தொடுவதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். என் அம்மாவுக்கு முட்டி வீங்கியிருந்தபோது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் முட்டிக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "அம்மா, துண்டைக் கீழ நசுக்குங்க" என்றார். மூட்டு வீங்கினால் அங்கிருந்து போகும் சைகைகள் தண்டுவடத்திலேயே தொடைத் தசைக்கான கட்டளையைத் தடுத்து அடக்கிவிடும். வலியே இல்லாவிட்டாலும் தசை மறுக்கும். அம்மா முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து அழுத்திப் பார்த்தார். தொடை தொளதொள என்றே கிடந்தது. அவர் அம்மாவின் கையையே எடுத்து முட்டிக்கு மேலே, உள்பக்கத்தில் வைத்தார். "இங்க துடிக்கணும். உங்க கைக்கே தெரியும்." மூன்றாம் நாள் காலையில் அடுக்களையிலிருந்து காபி கொண்டுபோனேன்; அம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து, தொடையில் கை வைத்தபடி, "டேய், துடிக்குதுடா, வந்து தொட்டுப் பாரு" என்றார். தொட்டுப் பார்த்தேன். மெல்லிய ஒரு துடிப்பு, தோலுக்கு அடியில் மீன்குஞ்சு புரள்வது போல. அதிலிருந்து மூன்று மாதத்தில் மாடிப்படி ஏறினார்.

படி 3: எடையைப் பாதியாக்குங்கள்

எல்லாரும் தயங்கும் இடம் இதுதான். நான் 65 கிலோவிலிருந்து 30-க்கு இறங்கியபோது பக்கத்தில் நின்ற பையன்கள் பார்க்கிறார்களோ என்று இருந்தது. யாரும் பார்க்கவில்லை.

வழக்கமாகப் பத்து ரெப்ஸ் செய்யும் எடையில் பாதியில் தொடங்குங்கள். தசை ஒவ்வொரு ரெப்பிலும் தெரிகிறது என்றால் அடுத்த வாரம் ஒரு பிளேட் கூட்டுங்கள். 15 முதல் 20 ரெப்ஸ் வரை போக முடிகிற எடை நல்ல பயிற்சிக் களம். உச்ச எடையில் 60 சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். லேசான எடையில் தசை வளருமா என்று கேட்பீர்கள். செட்டின் கடைசியில் இன்னும் இரண்டு மூன்றுதான் முடியும் என்ற நிலை வரை போனால் வளரும். களைப்பு பெரிய அலகுகளைக் கூப்பிடும் என்று மேலே பார்த்தோம் அல்லவா, அதுதான் காரணம். பாதி எடையில் பத்தோடு நிறுத்திவிட்டுப் போனால் அது வெறும் வார்ம்அப்.

படி 4: வேகம்

இழுக்க ஒரு வினாடி அல்லது ஒன்றரை. கீழே ஒரு வினாடி நிறுத்தம். மேலே விட மூன்று வினாடி. இதைவிட மெதுவாகப் போக வேண்டாம். பத்து வினாடி எடுத்து ஒரு ரெப் செய்கிறவர்களுக்கு எடை மிகவும் குறைந்துபோகிறது, மற்ற லாபம் எதுவும் இல்லை.

விடும் மூன்று வினாடிதான் முக்கியம். தசை நீளும்போதும் அது வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. ராடு மேலே பறக்காமல் பிடித்து வைப்பது அதுதான். பெரும்பாலானோர் கீழே நன்றாக இறுக்குவார்கள், விடும்போது மனசும் சேர்ந்து விட்டுப்போகும். ராடு மேலே ஏற ஏற அக்குளின் பக்கம் இழுபடுவதைக் கவனியுங்கள். மேலே போனதும் தோளைக் கொஞ்சம் ஏற விடுங்கள். அடுத்த ரெப்பில் முதலில் தோளைக் கீழே இறக்குங்கள், பிறகு முழங்கை. தோள், முழங்கை. இந்த வரிசை மாறினால் மறுபடியும் கை முந்திக்கொள்ளும்.

பிடியிலும் ஒரு விஷயம். ராடை நசுக்கிப் பிடித்தால் முன்கை முதலில் களைக்கும். விரல்களைக் கொக்கியாக மாட்டிக்கொள்ளுங்கள், அவ்வளவு போதும். லாட் புல்டவுனில் கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து ராடுக்கு மேலே போட்டுக்கொள்வதும் பலருக்கு உதவுகிறது. பெஞ்ச் பிரஸ்ஸில் மட்டும் இதைச் செய்யவே செய்யாதீர்கள். ராடு நழுவி நெஞ்சில் விழும்.

படி 5: ஒரே ஒரு வாக்கியம்

தலைக்குள் ஐந்து அறிவுரை ஓடினால் எதுவும் நடக்காது. ஒரு செட்டுக்கு ஒரு வாக்கியம் மட்டும். அதுவும் சின்னதாக, உங்கள் வாயில் இயல்பாக வரும் பேச்சில். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்பவை சில: விங்ஸுக்கு, "முழங்கையைப் பின்பாக்கெட்டுல போடு." மார்புக்கு, "ரெண்டு முழங்கையையும் முட்ட வை." பைசெப்ஸுக்கு, "சுண்டுவிரலை மேலே திருப்பு", உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவதும் பைசெப்ஸின் வேலைதான், அதைச் சேர்த்துச் செய்தால் உச்சியில் இறுக்கம் கூடும். பிட்டத்துக்கு, "குதிகாலால தள்ளு." பின்தோளுக்கு, "கையை வீசாதே, அகலமா விரி."

ஒரு வாக்கியம் உங்களுக்கு வேலை செய்யவில்லை என்றால் வேறு சொல்லைப் பிடியுங்கள். ஒரு பெண்மணிக்கு முழங்கை, பாக்கெட் எதுவும் எடுபடவில்லை. "அக்குள்ல ஒரு துணி இருக்கு, விழாம இடுக்கிக்கங்க அக்கா" என்றேன். அடுத்த ரெப்பிலேயே தெரிந்துவிட்டது.

படி 6: கனமான எடைக்கு வரும்போது கவனத்தை வெளியே திருப்புங்கள்

எட்டுக்கும் குறைவான ரெப்ஸ்தான் முடியும் என்கிற எடையில் தசையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். தோளில் 100 கிலோவோடு ஸ்குவாட் இறங்கும்போது "என் தொடையின் உள்பக்கம் தெரிகிறதா" என்று யோசிப்பது ஆபத்து. அங்கே "தரையைக் கீழே தள்ளு" என்பதே போதும். டெட்லிஃப்டிலும் அதேதான். பெஞ்சில், "ராடைக் கூரைக்கு எறி." நம் ஊரில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சொல்லிக்கொடுத்த பழைய வாத்தியார்கள் தசைப் பெயர் எதையும் சொன்னதில்லை, கட்டை போகும் வட்டத்தைப் பார் என்பார்கள். கட்டை சுற்றுவதற்கு அது சரியான போதனை என்றே நினைக்கிறேன்.

நான் வகுப்பை இப்படித்தான் பிரிக்கிறேன். முதலில் அன்றைய தசைக்கு லேசான எடையில் 12 ரெப்ஸாக இரண்டு செட், கவனம் முழுக்க உள்ளே. தசையை எழுப்பினால் போதும், களைக்க வைக்கக் கூடாது; களைத்த தசையோடு கனமான எடைக்குப் போனால் அது பின்வாங்கி மற்ற தசைகளிடம் வேலையைத் தள்ளிவிடும். அப்புறம் கனமான பயிற்சி, கவனம் வெளியே. கடைசியில் கேபிள், டம்பெல் போன்ற சின்னப் பயிற்சிகள், மறுபடி கவனம் உள்ளே.

படி 7: செட்டுகளுக்கு நடுவே

இரண்டு நிமிஷம் ஓய்வு எடுங்கள். கனமான பயிற்சிக்கு மூன்று. அந்த நேரத்தில் போனைக் கையில் எடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மெசேஜைப் படித்தால் அடுத்த செட்டின் முதல் நான்கைந்து ரெப்ஸ் வரை மனசு அந்த மெசேஜிலேயே இருக்கும். முதல் ஒரு நிமிஷம் மூச்சு அடங்கட்டும். கடைசிப் பத்து வினாடியில் கண்ணை மூடி, அடுத்த ரெப்பை ஒரு தடவை மனசுக்குள் செய்து பாருங்கள். தோள் இறங்குவது, முழங்கை போவது, அக்குள் பக்கம் தடிப்பது எல்லாவற்றையும்.

கற்பனை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 1992-இல் குவாங் யூவும் கெல்லி கோலும் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரம் சுண்டுவிரலை அசைக்காமல், அசைப்பதாக நினைத்துப் பயிற்சி செய்தவர்களின் பலம் 22 சதவீதம் கூடியது; நிஜமாகவே பயிற்சி செய்தவர்களுக்கு 30 சதவீதம். 2014-இல் பிரையன் கிளார்க் குழு நல்ல ஆரோக்கியமானவர்களின் மணிக்கட்டை நான்கு வாரம் மாவுக்கட்டில் வைத்தது. சும்மா இருந்தவர்கள் பலத்தில் 45 சதவீதம் இழந்தார்கள். வாரத்துக்கு ஐந்து நாள் தசையை முறுக்குவதாகக் கற்பனை செய்தவர்கள் இழந்தது 24 சதவீதம்தான். கட்டுப் போட்டு வீட்டில் இருக்கும் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டு இதைச் சொல்லுங்கள். பைசா செலவில்லை.

தடுமாறும் இடங்கள்

எரிச்சல் வேறு, இறுக்கம் வேறு, வலி வேறு. தசையின் நடுவில் பரவும் எரிச்சலும் இறுக்கமும் சரி. மூட்டில் ஊசி குத்துவது போன்ற வலி, விரல் வரை ஓடும் மரமரப்பு என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தசை தெரியவில்லை என்பதால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. "நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் பிட்டத் தசை தூங்கிப்போய்விட்டது" என்று ஐ.டி. வேலை பார்க்கும் தம்பிகளிடம் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். உண்மையிலேயே தூங்கிப்போயிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே முடியாது. பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, பலம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அதேபோல் மின்சைகை கூடினால் தசை கட்டாயம் வளரும் என்றும் சொல்ல முடியாது. அது அந்த நேரத்து அளவு, வளர்ச்சிக்கு வாரக்கணக்கில் உழைப்பும் சாப்பாடும் தூக்கமும் வேண்டும்.

மூச்சு. தசையை நினைக்கும் ஆர்வத்தில் பலர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். லேசான எடையில் ராடை இழுக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள், ராடு திரும்பும்போது மூச்சை உள்ளே இழுங்கள். ரத்த அழுத்தம் இருப்பவர்கள் மூச்சைப் பிடிக்கவே கூடாது.

ஆறு வாரம்

முதல் வாரம் எடையைத் தொடாமல், படி 2-இல் சொன்ன இறுக்கத்தைத் தினம் ஐந்து நிமிஷம். குளிக்கப் போகும்போது கண்ணாடி முன்னால் செய்தால் நல்லது. இரண்டாவது, மூன்றாவது வாரம் பாதி எடையில், வாரம் இரண்டு நாள், மூன்று செட், 15 முதல் 20 ரெப்ஸ். முடிந்தால் நண்பரை விரல் வைக்கச் சொல்லுங்கள். நான்காவது வாரம் விரலை எடுத்துவிட்டு, ஒரு பிளேட் கூட்டுங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து லேசானது, கனமானது, மறுபடி லேசானது என்று படி 6-இல் சொன்ன வரிசை.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிலோ, ரெப்ஸ் எழுதும் வரிசைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, எந்த இடம் தெரிந்தது என்று ஒரு சொல்லில் எழுதுங்கள்: முன்கை, பைசெப்ஸ், அக்குள், நடுமுதுகு. என் பழைய நோட்டில் அந்தக் கட்டம் இருக்கிறது. முதல் பதினொரு நாளும் 'கை' என்றே எழுதியிருக்கிறேன், பன்னிரண்டாம் நாள் 'கை + வலது அக்குள்'. இடது பக்கம் வர இன்னும் மூன்று வாரம் ஆனது. உங்களுக்கும் ஒரு பக்கம் முந்தும். பிந்தும் பக்கத்துக்கு ஒரு செட் கூடுதலாகக் கொடுங்கள்.

ஆறு வாரம் முடிந்ததும் அடுத்த தசைக்குப் போகலாம். நான் இப்போது பின்தோளில் இருக்கிறேன், 4 கிலோ டம்பெல்லோடு, நான்காவது வாரம்.